மூப்பு வரிசையில் பிளகின்கள்

பாடநூல் நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், பக்கங்களை வடிவமைக்கும் லேஅவுட்காரருடைய நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவருடைய தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டிக் கணினித் திரையைப் பார்ப்பதும், "ம்... அடுத்த பக்கம்" என்பதும், கடைசிப் பக்கம் வந்ததும் "சரி, போகட்டும்" என்பதும்தான் அந்த நிறுவனத்தில் ஒரு புத்தகத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் முறை.

இப்படி ஒரு முறை வந்ததற்கு அங்கிருந்த ஃபைல் மேனேஜர் என்ற மென்பொருள்தான் காரணம். புத்தகங்கள், படங்கள், அட்டைகள் எல்லாம் கீழ்த்தளத்தில் ஒரு சர்வரில் இருந்தன. எந்த மேசையிலிருந்தும் பிரவுசரைத் திறந்து பாஸ்வேர்டைப் போட்டால், ஃபோல்டர்கள் அலமாரி அடுக்கிய மாதிரி வரிசையாகத் தெரியும். தெரியும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ஒரு ஃபைலைச் சொடுக்கினால் ஒரு சாம்பல் நிறப் பெட்டி எட்டிப்பார்த்து, "இந்தக் கோப்பைக் காட்டும் பிளகின் இயக்கப்படவில்லை" என்று கையை விரித்துவிடும். பிளகின் என்பது ஒரு மென்பொருளுக்குள் ஒரு தனி வேலைக்காகச் சேர்த்து வைத்திருக்கும் குட்டி மென்பொருள். புத்தகப் பக்கங்களைத் திறக்கிற மென்பொருள் லேஅவுட்காரருடைய கணினியில் மட்டுமே இருந்தது. ஆகவே பார்க்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் மூச்சு வாங்க மாடி ஏறி அவரிடம் வந்தார்கள்.

"தம்பிதான் இந்த நிறுவனத்துக்கே கண்ணு" என்று நிர்வாகி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அந்தக் கண் விடுப்பு கேட்டு வந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

லேஅவுட்காரருடைய மனைவிக்கு வேறு ஊரில் வேலை. ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய் இறங்குகிற தூரம். மகளும் அங்கேதான் வளர்ந்தாள். வருகிற திங்கட்கிழமை அவளுக்கு முதன்முதலாகப் பள்ளிக்கூடம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

"அப்பா, திங்கக்கிழமை நேர்ல வருவீங்களா, போன்ல வருவீங்களா?" என்று போனில் கேட்டாள் மகள்.

"நேர்லதான் பாப்பா."

"பொறந்த நாளுக்கும் நேர்லன்னுதான் சொன்னீங்க. அப்புறம் போன்ல வந்து கேக் வெட்டச் சொன்னீங்க."

மனைவி போனை வாங்கிக்கொண்டார். "என்னங்க, வர முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கிறேன். கடைசி நேரத்துல கைய விரிச்சீங்கன்னா, அவ கேட்டுல நின்னு ரோட்டையே பாத்துட்டு நிப்பா. அத என்னால பாக்க முடியாது."

"வர்றேன்னு சொல்றேன்ல" என்றார் இவர்.

மறுநாள் காலையில் நிர்வாகியின் அறைக்குப் போய் நின்றார். ஐந்தாம் வகுப்புப் புவியியல் புத்தகம் தயாராகிவிட்டது, இனி எல்லோரும் ஒரு முறை பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான், ஆகவே திங்கட்கிழமை விடுப்பு வேண்டும் என்றார்.

"அந்த ஒரு முறை பாக்கறதுதானப்பா திங்கக்கிழமை நடக்கப்போகுது" என்றார் நிர்வாகி. "நீ இல்லன்னா யாரு திறந்து காட்டுவா?"

"முன்காட்சி பிளகினை ஆன் பண்ணிட்டா அவங்கவங்க மேசையில இருந்தே பாத்துக்கலாம் சார்."

"அத எங்கேர்ந்து வாங்கணும்?"

"வாங்க வேண்டாம் சார். ஃபைல் மேனேஜருக்குள்ளயே இருக்கு. ஒரு டிக் போட்டாப் போதும்."

ஒரு டிக்கில் முடிகிற வேலை என்றாலே நிர்வாகிக்குச் சந்தேகம் வந்துவிடும். கூட்டம் போடாமல், சுற்றறிக்கை விடாமல், யாரும் கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்யாமல் ஒரு காரியம் முடிந்தால் அது முடிந்ததாக அவருக்குத் தோன்றாது.

"அவ்வளவு சுலபம்னா இத்தனை நாளா ஏன் யாரும் பண்ணல?"

யாரும் பண்ணாததற்குக் காரணம் கணினிப் பிரிவு. கணினிப் பிரிவு என்பது ஒரே ஒரு ஆள், நிர்வாகியின் மனைவிக்குத் தம்பி. நிர்வாகி வாய்க்கு வாய் "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டதைக் கேட்டு, நாளடைவில் வாசல் காவலாளி வரைக்கும் அவரை மச்சான் என்றே அழைத்தார்கள். அட்மின் பாஸ்வேர்டு மச்சானிடம் மட்டும்தான் இருந்தது. அதை அவர் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததால் அதைப் பயன்படுத்தத் துணிந்ததே இல்லை.

"ஓடுற வண்டிய எதுக்கு நிறுத்திக் கழட்டணும்?" என்றார் மச்சான், லேஅவுட்காரர் வந்து கேட்டபோது.

"எங்கங்க ஓடுது? எல்லாரும் என் தலைமேலதான் ஓடிட்டு இருக்காங்க."

"அதுல கைய வச்சு ஏதாவது ஆச்சுன்னா எங்க அக்கா என்னை வீட்டு வாசப்படி ஏத்த மாட்டா."

கெஞ்சிக் கூத்தாடி, ஒருவழியாக அமைப்புகள் பக்கத்தைத் திறக்க வைத்தார். பிளகின்களின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம், பக்கத்தில் மேலே ஏற்ற ஓர் அம்பு, கீழே இறக்க ஓர் அம்பு. ஒன்றிலும் டிக் இல்லை.

"அடேங்கப்பா, இவ்வளவு இருக்கா உள்ளே!" என்று மச்சான் வாயைப் பிளந்தார். அக்கா வீட்டில் பூட்டிய அறையைத் திறந்து பார்த்து, உள்ளே ஒரு குடும்பமே குடியிருப்பதைக் கண்டவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

"முன்காட்சிக்கு மட்டும் ஒரு டிக் போடுங்க. நான் கிளம்பிடுவேன்."

மச்சான் டிக் போடவில்லை. நேராக மாமாவிடம் ஓடினார். அங்கேதான் காரியம் கெட்டது. இத்தனை பிளகின்கள் சும்மா கிடக்கின்றன என்று கேட்டதும் நிர்வாகி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை அறங்காவலர் ஒருவர் நிறுவனத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குக் காட்ட எதுவும் இல்லையே என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவருக்கு, கேட்காமலே வழி கிடைத்துவிட்டது.

"ஒண்ணு என்ன ஒண்ணு, எல்லாத்தையும் ஆன் பண்ணுவோம். முழு மின்மயம்! கூட்டத்தக் கூப்பிடு மச்சான்."

வெள்ளிக்கிழமை காலை கூட்டம் நடந்தது. சுவரில் பிளகின் பட்டியலைப் பெரிதாகக் காட்டினார்கள். நிர்வாகி நடுவில் உட்கார்ந்தார். வலப்பக்கம் ஆவணப் பிரிவுத் தலைவர். நிறுவனத்திலேயே பழைய ஆள். கையில் கிடைத்த காகிதத்தை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதால் அவருக்கு 'பூட்டு' என்று பெயர். இடப்பக்கம் மெய்ப்புப் பிரிவுத் தலைவி. எல்லோருக்கும் அவர் அக்கா. அதற்கு அடுத்து படப்பிரிவுத் தலைவர். அவர் தூரிகையைத் தொட்டு வருடக்கணக்கானாலும் 'தூரிகை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. லேஅவுட்காரர் கதவோரம் நின்றார்.

"ஆளுக்கு ஒரு பிளகினைப் பொறுப்பெடுத்துக்கணும்" என்றார் நிர்வாகி.

கோப்பைக் காப்பகத்தில் போட்டுப் பூட்டுகிற பிளகினைப் பூட்டு கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் யாருக்கும் வியப்பில்லை. குறிப்பு எழுதுகிற பிளகின் அக்காவுக்குப் போனது. படங்களின் எடையைக் குறைக்கிற பிளகினைத் தூரிகைக்குக் கொடுத்தார்கள்.

"எடையக் குறைக்கறதுன்னா என் படத்தக் கெடுக்கறதா?" என்று அவர் சண்டைக்கு நின்றார்.

"குறைக்கிறது உன் படத்தைத்தான், உன்னை இல்ல. சும்மா உக்காருய்யா" என்றார் அக்கா.

"அப்ப எனக்கு எது?" என்று கேட்டார் நிர்வாகி.

பட்டியலில் அந்த வேலைக்குத் தோதாக மிச்சமிருந்தது ஒன்றுதான். மேலேற்றுகிற எந்தக் கோப்பும் முதலில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் வந்து இறங்கும். எல்லா வேலையும் முடிந்த பிறகு அந்த ஃபோல்டரைப் பெருக்கிக் காலி செய்வது அந்தப் பிளகினுடைய வேலை. சுருக்கமாகச் சொன்னால், குப்பை வாருவது. மாமாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று மச்சான் வார்த்தை தேடினார்.

"இது வந்து... ஒட்டுமொத்தத் தூய்மை சார்."

"தூய்மை நிர்வாகம்!" நிர்வாகியின் முகம் மலர்ந்தது. "அது என்கிட்டயே இருக்கட்டும்."

முன்காட்சி கேட்பாரற்றுக் கிடந்தது. கதவோரம் நின்றவர் தலையில் அதைக் கட்டினார்கள். லேஅவுட்காரருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். எந்தப் பெயரில் கொடுத்தால் என்ன, டிக் விழுந்தால் போதும், ராத்திரி பஸ்.

டிக் எல்லாம் விழுந்து முடிந்த நேரத்தில் பூட்டு தொண்டையைக் கனைத்தார்.

"அதென்ன, படப்பிரிவுக்குக் கீழ என் பேரு இருக்கு? நான் இவனுக்கு முந்தி வேலைக்குச் சேர்ந்தவன்."

"பேரு இல்ல சார், பிளகின்" என்றார் மச்சான்.

"ஏதோ ஒண்ணு. என்னுது கீழ இருக்கா இல்லியா?"

அக்காவும் அப்போதுதான் கவனித்தார். "நானும் இவருக்குக் கீழயா? நல்லா இருக்கே நியாயம்!"

சுவரில் தெரிகிற ஒரு வரிசையில் யார் யாருக்கு மேலே இருப்பது என்ற கேள்வி வந்துவிட்டால் அந்த நிறுவனத்தில் அதற்கு ஒரே பதில்தான். மூப்பு வரிசை. மச்சான் அம்புகளை அமுக்கி அமுக்கி, நிர்வாகியின் பிளகினை உச்சியில் வைத்தார். அடுத்து பூட்டு, அடுத்து அக்கா, அதன் பிறகு தூரிகை. முன்காட்சி அடியில் போய் உட்கார்ந்தது.

லேஅவுட்காரர் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார். "சார், அந்த வரிசை சும்மா பேருக்கு இல்ல. ஒரு ஃபைல் உள்ள வந்தா மேல இருக்கறது முதல்ல வேலை செய்யும்..."

"அதான் வேணும். பெரியவங்க முதல்ல வேலை செஞ்சு வழிகாட்டணும்" என்றார் நிர்வாகி. "போய்ப் புத்தகத்த ஏத்து தம்பி."

ஏற்றினார். எல்லோரும் சுவரையே பார்த்தார்கள்.

முதலில் நிர்வாகியின் பிளகின் ஓடியது. வந்து இறங்கிய புவியியலை, ஆறும் மலையும் கடலுமாக, ஒரே வாரலில் வாரி வெளியே கொட்டியது. எதிரே பச்சை எழுத்தில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வந்தது. அடுத்ததாகப் பூட்டின் பிளகின், ஒன்றுமில்லாத ஒரு ஃபோல்டருக்குப் 'புவியியல்' என்று பெயரெழுதி இறுக்கமாகப் பூட்டியது. அதற்கும் பச்சை. அக்காவின் பிளகின் அந்தச் சூனியத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஒரு காலிப் பெட்டியைத் திறந்து வைத்தது. தூரிகையின் பிளகின் இல்லாத படங்களின் எடையைக் குறைத்து, முழு வெற்றி என்று அறிவித்தது.

கடைசியாக முன்காட்சி வந்தது. அது ஒன்றுதான் சிவப்பு எழுத்தில் வந்தது. 'காட்டுவதற்கு எதுவும் இல்லை.'



"எல்லாருதும் நல்லா ஓடுது. இவனுது ஒண்ணுதான் மக்கர் பண்ணுது" என்றார் பூட்டு.

"அதான் பாக்கறேன்" என்றார் நிர்வாகி. "என்னப்பா, உன் பிளகினை நீ ஒழுங்கா வச்சுக்கக் கூடாதா?"

"சார், புத்தகமே உள்ள இல்ல. அதான் இல்லன்னு சொல்லுது."

"மத்த நாலும் வெற்றின்னு சொல்லுதே, அது பொய்யா?"

ஆமாம் என்று சொன்னால் நாலு பெரியவர்களையும் ஒரே வாக்கியத்தில் பொய்யர்கள் ஆக்க வேண்டும்.

"திங்கக்கிழமை காலையில வந்து உன்னுத மட்டும் சரிபண்ணிடு. அறங்காவலர் வர்றதுக்குள்ள" என்று சொல்லி நிர்வாகி எழுந்துவிட்டார்.

அறை காலியானது. மச்சான் மட்டும் அம்புகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்த வரிசையத் தலைகீழாப் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார் லேஅவுட்காரர்.

"எனக்கும் தெரியுதுய்யா. கண்ணா அவிஞ்சு போச்சு? ஆனா மாமாவ அடியில இறக்கிட்டு நான் எந்த முகத்தோட சாப்பிட உக்காருவேன்?"

"என் பொண்ணு பள்ளிக்கூட வாசல்ல நிப்பாங்க, எனக்காக."

மச்சான் பெருமூச்சு விட்டார். "நீ பேசு. நான் அம்பை அமுக்குறேன். பேச்சு உன்னுது, விரல் என்னுது."

லேஅவுட்காரர் வெளித் தாழ்வாரத்தில் சிறிது நேரம் நடந்தார். உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் இந்தக் கதிக்கு வந்திருந்தது. மேலிருந்து கீழ் வரை எல்லாம் அப்படியே இருக்க, மேல் எது கீழ் எது என்பதை மட்டும் மாற்றிச் சொல்ல முடியுமா என்று யோசித்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு நிர்வாகியின் அறைக்குப் போனார். பூட்டும் மற்றவர்களும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், தப்பு நடந்துபோச்சு. உங்க மரியாதைய நாங்க கவனிக்காம விட்டுட்டோம்."

நிர்வாகியின் கோப்பை பாதி வழியில் நின்றது. "என் மரியாதையா?"

"நம்ம கூட்டத்துல முதல்ல யாரு பேசுவாங்க? சின்னவங்கதான் பேசுவாங்க. நீங்க எல்லாத்தையும் கேட்டுட்டுக் கடைசியா ஒரு வார்த்தை சொல்வீங்க. அதுக்கு மேல பேச்சு உண்டா?"

"அது எப்படி இருக்கும்?"

"கம்ப்யூட்டரும் அப்படித்தான் சார். மேல இருக்கறது முன்னாடி ஓடிப்போய்க் கதவத் திறக்கிற ஆள். அடியில இருக்கறதுதான் முடிவு சொல்ற ஆள். உங்களைப் போய்க் கதவு திறக்க வச்சுட்டோம்."

நிர்வாகியின் முகம் சிவந்தது. "மச்சான்!"

"எனக்கு அப்பவே மனசுல பட்டது மாமா" என்றார் மச்சான் கதவருகே வந்து நின்று.

"பட்டா சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

பூட்டு டீயைக் கீழே வைத்தார். "அப்ப என்னை இவ்வளவு நேரமும் ரெண்டாவது எடுபிடியாவா வச்சிருந்தீங்க? இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

"என்னை நடுவுல வச்சீங்க, சரி" என்றார் அக்கா. "நடுவுன்னா மேலேர்ந்தும் நடுவு, கீழேர்ந்தும் நடுவு. நான் எப்பவும் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

"நான் கடைசிக்கு முன்னாடி இருந்தேன். அப்ப நான் பெரிய ஆளா இருந்திருக்கேன்!" என்றார் தூரிகை. "என்னை மாத்தக் கூடாது."

"நீ ஏறு மேலே" என்று பூட்டு அவரை அதட்டினார். அந்த நிறுவனத்தில் ஒருவரை மேலே போகச் சொல்லித் திட்டியது அதுவே முதல் முறை.

கீழே இறங்குவதற்கு எல்லோரும் முண்டியடித்தார்கள். மச்சான் வேர்க்க வேர்க்க அம்புகளை அமுக்கினார். நிர்வாகி அடியில் கம்பீரமாக அமர்ந்தார். அவர் தலைமேல் பூட்டு, பூட்டின் தலைமேல் அக்கா, அதற்கும் மேலே தூரிகை. முன்காட்சியை யாரும் கேட்கவில்லை. அது தன்பாட்டுக்கு உச்சிக்குப் போனது.

மறுபடியும் புத்தகத்தை ஏற்றினார்கள். முன்காட்சி ஒவ்வொரு பக்கத்தையும் படமாக எடுத்து வைத்துக்கொண்டது. படங்களின் எடை குறைந்தது. குறிப்புப் பெட்டி பக்கத்துக்குப் பக்கம் திறந்தது. புத்தகம் காப்பகத்துக்குப் போய்ப் பூட்டிக்கொண்டது. எல்லாம் முடிந்து மிச்சம் மீதி கிடந்ததை நிர்வாகி வாரிச் சுத்தம் செய்தார். ஐந்து வரியும் பச்சை. சுவரில் உலக வரைபடம் வண்ணம் வண்ணமாக விரிந்தது.

"பாத்தீங்களா, கடைசியா நான் வந்ததும்தான் எல்லாம் துலங்குது" என்றார் நிர்வாகி.

லேஅவுட்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "அப்ப நான் கிளம்புறேன் சார்."

"எங்கே? திங்கக்கிழமை அறங்காவலர் வர்றப்ப நீ பக்கத்துல இருந்தா எனக்கு ஒரு தைரியம்."

இத்தனை பாடுபட்டு, மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது பேச்சு. லேஅவுட்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"நான் பக்கத்துல நின்னா அவர் என்ன நினைப்பார் சார்? திறந்து காட்ட இன்னும் ஆள் வேணும்போலிருக்கு, மின்மயம்னு சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சுன்னு நினைக்க மாட்டாரா?"

நிர்வாகி யோசித்தார். அந்தக் காட்சி அவர் கண்முன்னால் ஓடியது தெரிந்தது. சட்டென்று மேசையைத் தட்டினார்.

"கரெக்ட்! திங்கக்கிழமை நீ இந்தத் தெருப்பக்கமே தலைகாட்டக் கூடாது. உன் ரூமைப் பூட்டிச் சாவியக் குடுத்துட்டுப் போ. இது என் உத்தரவு."

"என் பொறுப்புல விட்டுடுங்க" என்று பூட்டு ஆசையோடு கையை நீட்டினார்.

திங்கட்கிழமை காலையில் மகள் சீருடையைப் போட்டுக்கொண்டு, தன்னைவிடப் பெரிய பையைச் சுமந்து, அப்பாவின் இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்தபடி நடந்தாள். வழியில் போன் அடித்தது. நிர்வாகி.

"தம்பி, தொந்தரவு பண்ணல. அறங்காவலர் பாத்து அசந்துபோயிட்டார். ஒரே ஒரு சந்தேகம். அச்சுக்கு அனுப்புற பட்டனை யார் அமுக்கணும்? பெரியவங்களா, சின்னவங்களா? இங்க ஒரே தகராறா இருக்கு."

"யாராவது ஒருத்தர் அமுக்கினாப் போதும் சார்."

"அப்படிப் பொத்தாம் பொதுவாச் சொன்னா எப்படிப்பா?"

"மச்சானை அமுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நின்று அழுதார்கள். ஒரு பையன் தாயின் புடவையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டான். லேஅவுட்காரர் மகளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்று ஊருக்கு வந்த ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். குனிந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "பாப்பா, நீ ஒண்ணும் பயப்படாத..." என்று தொடங்கினார்.

மகள் கேட்டுக்குள்ளே ஒரு சறுக்குமரத்தைப் பார்த்துவிட்டாள். விரல்களை உதறிவிட்டு ஓடினாள். பை முதுகில் குதிகுதியென்று குதித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா வளைந்த முதுகோடு அப்படியே நின்றார். சொல்ல வைத்திருந்த மிச்சம் வாயிலேயே இருந்தது.

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதுக்குத்தானா இவ்வளவு பாடுபட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

"இதுக்குத்தான்" என்றார் அவர். கேட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, சறுக்குமரத்தின் உச்சியில் அவள் தலை தெரிகிற வரைக்கும் நின்றார்.